கண்மாய் நடுவில் ஹேண்ட் பிரேக்

நம் பதவிக்கு அரசாணையில் ஒரு பெயர் இருக்கிறது, ஊரில் வேறொரு பெயர் இருக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட விளங்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்களும் ஆறு மாதத்தில் அந்தப் பெயருக்குப் பழகிவிடுவீர்கள். நான் பழகியது போதாதென்று அதில் கொஞ்சம் கர்வமும் வைத்திருந்தேன். அந்தக் கர்வம் ஒரு காலை நேரத்தில் எப்படிக் காணாமல் போனது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். உங்கள் மேல் தப்பில்லை.

முதலில் ஒரு சீனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு லாரிக்கு முன்னால் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது, அணைக்காமல் விட்டிருந்த அந்த லாரி நகர்ந்து பாதத்தில் ஏறிவிட்டதாம். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு மூன்று விஷயம் சொன்னார். எஞ்சின் ஆஃப், ஹேண்ட் பிரேக், அதற்கப்புறம்தான் பேனா. இந்த வரிசை மாறினால் உன் காலும் என் கால் மாதிரி ஆகும் என்றார். முப்பது வருஷம் நான் அதை மாற்றவில்லை. வீட்டில் சொந்த ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காய்கறிக் கணக்கு எழுதினாலும் அந்த வரிசைதான்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது சூசைராஜ் என்பவர் என் மேஜைக்கு வந்தார். ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். ராஜபாளையத்தில் சிறிய பட்டறை. அவர் பார்த்துத் தந்த வண்டி என்றால் நாங்களே இரண்டாம் தரம் குனிந்து பார்க்க மாட்டோம், அப்படி ஒரு நல்ல பெயர். அவர் நீட்டிய விண்ணப்பத்தில், பழைய சின்னச் சரக்கு வண்டி ஒன்றைத் தரையிலும் தண்ணீரிலும் போகும் காராக மாற்றியிருக்கிறேன், பதிவு செய்து தர வேண்டும் என்று இருந்தது.

அதை வாங்கிய கையோடு, விதியில் இடமில்லை என்று எழுதித் திருப்பித் தந்திருக்கலாம். நியாயமாக அப்படித்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் எதற்காக இப்படி ஒன்றைச் செய்தீர்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எம் பொஞ்சாதிக்குச் சொந்த ஊரு வ. புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம் சார். ஐப்பசி மழையில ஓடை வந்துருச்சுன்னா பாதை கிடையாது. அவ அப்பா இறந்த அன்னைக்கு ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னுட்டா. அவிய முகத்தப் பாக்கல. அதான் ஒண்ணு செஞ்சு வைப்போம்னு."

அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பார்க்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. பார்த்துவிட்டு நிராகரிக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

வ. புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரைக்கு வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மழை முடிந்து வெயில் அடித்த நாள். கண்மாய் நிரம்பி, கோடியில் இருந்த கலுங்கு வழியாக உபரித் தண்ணீர் மறுகால் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் ஒரு சுருக்கம் கிடையாது. மேற்கு மலை மொத்தமும் தலைகீழாக அதில் தெரிந்தது.

வண்டி மஞ்சள் நிறம். கீழே படகு மாதிரி ஃபைபர் உடம்பு, அதில் நாலு சக்கரம். எஞ்சினும் புரொப்பல்லரும் பின்பக்கம் இருந்தன. எஞ்சினுக்குக் காற்று வர பின்னால் ஒரு வலைக்கம்பி ஜன்னல். சூசைராஜின் மனைவி ஜெசிந்தாவும் வந்திருந்தார். நூல் மில்லில் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தார். முதல் தடவை தண்ணீரில் இறங்கும்போது தான் உள்ளே இருப்பேன் என்று கணவரிடம் ஏற்கெனவே வாக்கு வாங்கியிருந்தாராம்.

கரைப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்ததும் நூல் பிடித்த மாதிரி நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு மேட்டில் நாலு பேரைத் தள்ளச் சொன்னேன். அசையவில்லை. அத்தோடு கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியவன் நான். கரையோடு என் அதிகாரம் முடிந்தது.

"தண்ணிலயும் ஒருக்கப் பாத்துருங்க சார்" என்றார் சூசைராஜ்.

கரையில் முப்பது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. காக்கிச் சட்டை அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருந்தது. அவர் தந்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். ஜெசிந்தா தன்னுடையதை ஒழுங்காக மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

சரிவில் இறங்கி வண்டி மிதந்த அந்த நொடியில் மூன்று பேருமே சிரித்துவிட்டோம். நன்றாகவே போனது. கண்மாய் நடுவுக்கு வந்ததும் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது.

"நிப்பாட்டுங்க. எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க."

சூசைராஜ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். ஆனால் இருபது வருஷம் உத்தரவு கேட்டுப் பழகிய மனிதர். "எஸ் சார்" என்று சாவியைத் திருகி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டார்.

நான் பேனாவை எடுத்தேன். ஹார்ன் அடிக்கச் சொன்னேன். ஹெட்லைட்டைப் போட்டு வைக்கச் சொன்னேன். வைப்பர், இண்டிகேட்டர், எல்லாம் ஒன்று மாற்றி ஒன்று. உள்ளே கசிகிற தண்ணீரை இறைக்கிற சின்ன மோட்டாரும் அதே பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் அணைந்திருக்கும்போது பாட்டரி என்ன பாடுபடும் என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். என்னைக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பத்து நிமிஷம் தலை நிமிராமல் எழுதினேன்.

ஜெசிந்தாதான் முதலில் பேசினார்.

"சார், நாம நின்னுக்கிட்டுத்தான இருக்கோம்?"

"நிக்கிறோம்மா. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு."

"இல்ல, செத்த முன்னாடி அந்தப் பனைக்குப் பின்னால செல்போன் டவரு மறைஞ்சு இருந்துச்சு. இப்பம் பனை ஒரு பக்கம் நிக்குது, டவரு ஒரு பக்கம் நிக்குது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பனையும் டவரும் விலகிக்கொண்டிருந்தன. தண்ணீரில் ஒரு அலை இல்லை, காற்றும் இல்லை. கண்மாய் அப்படியே மொத்தமாகக் கலுங்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, எங்களையும் மடியில் வைத்துக்கொண்டு. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹேண்ட் பிரேக்கை எட்டிப் பிடித்து இன்னும் ஒரு பல் இழுத்தேன். சிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கிற வண்டிக்கு முப்பது வருஷ அனுபவம் செய்த சேவை அது.

சூசைராஜ் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். பாட்டரி இறங்கிவிட்டது. அந்த அமைதியில்தான் கலுங்கின் இரைச்சல் காதில் விழுந்தது. இருநூறு அடி இருக்கும். அதைத் தாண்டினால் ஆள் உயரத்துக்குக் கீழே பாறை.

வண்டியில் நங்கூரம் இல்லை. பின்னால் ஒரு நாள் அதைக் கேட்டபோது சூசைராஜ் சொன்னார், "ஆர்மியில தண்ணிக்குள்ள எறங்குவோம், அந்தப் பக்கம் ஏறுவோம் சார். நடுவுல நிக்க மாட்டோம்." நடுவில் நிறுத்தச் சொல்கிற ஆள் ஒருவன் வருவான் என்று அவர் எப்படி எதிர்பார்த்திருப்பார்?

ஆனால் ஸ்பேனர் ஏதாவது தண்ணீருக்குள் விழுந்தால் எடுக்கலாம் என்று மாமியார் வீட்டுப் பாதாளக் கரண்டியைக் கொண்டு வந்திருந்தார். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்குச் சுற்றிலும் கொக்கி வைத்திருக்கும் இரும்பு, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். வண்டியைக் கட்டி இழுக்கிற நீளக் கயிற்றின் ஒரு நுனியில் அதை முடிந்தார். பின் சீட்டைத் தாண்டிப் போய், பின்பக்கக் கொக்கியில் கயிற்றைக் கட்டிக் கரண்டியை நேர் கீழே இறக்கினார். வண்டிக்காரர்களான நமக்குக் கயிறு என்றால் பின் கொக்கிதான் கண்ணில் படும். தண்ணீர் இரண்டாள் ஆழம். அதற்குக் கணக்காகத்தான் கயிறு விட்டார். மிச்சக் கயிறு சுருளாகக் காலடியில் கிடந்தது.

கரண்டி சகதியில் இழுபட்டுக்கொண்டே வந்தது. பனையும் டவரும் இன்னும் விலகின. திடீரென்று ஒரு வெட்டு. கண்மாய்க்குள் முங்கிக் கிடந்த சீமைக் கருவேல வேரில் கொக்கி மாட்டிக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. எஞ்சின் கனம் ஏற்கெனவே அங்கேதான். நேராக நின்ற குட்டைக் கயிறு அதைப் பிடித்துக் கீழே இழுக்க, வருகிற தண்ணீர் வலைக்கம்பி ஜன்னல் வழியாக உள்ளே வழிந்தது.

"காலுக்கடியில தண்ணி வருது" என்றார் ஜெசிந்தா. குரல் உயரவில்லை, ஆனால் கை முன் சீட்டை இறுகப் பிடித்திருந்தது.

"அறுத்துவிடுங்க சூசைராஜ்" என்றேன்.

அவர் கத்தியை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு அப்படியே நின்றார். அறுத்தால் கலுங்கு, அறுக்காவிட்டால் மூழ்க வேண்டியதுதான். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். காக்கி போட்டவன் நான்தானே. ஒரு உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். ஏற்கெனவே போட்ட உத்தரவுதான் எங்களை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

என் வேலைக்காலத்தில் நான் உருப்படியாகப் பேசியது அப்போதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"எனக்குத் தெரியல. எனக்கு நீச்சலும் தெரியாது. இது நீங்க செஞ்ச வண்டி. நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

அந்த மனிதர் அந்த இடத்திலேயே வேறு ஆளாகிவிட்டார். கத்தியை மடக்கிப் பையில் போட்டார்.

"அறுக்க வேண்டாம் சார். கயித்த நீளமா விட்டு, மூக்குல கட்டணும். ஏட்டி ஜெசி, நீ முன்னால வா, கனம் முன்னுக்கு வரட்டும். சார், மிச்சக் கயித்த வெளிப்பக்கமாத் தாரேன். நீங்க பானட்டு மேல படுத்து முன் கொக்கியில கட்டணும்."

நான் கதவுக்கு மேலாகக் காலைத் தூக்கினேன்.

"மொதல்ல அத மாட்டுங்க சார்" என்று ஜெசிந்தா என் மடியிலிருந்து விழுந்த லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். மாட்டினேன். கரையில் அத்தனை செல்போனும் பார்த்துக்கொண்டிருக்க, தொந்தியை அழுத்திக்கொண்டு பானட்டின் மேல் பல்லி மாதிரி படுத்தேன். ஜெசிந்தா என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். மூக்குக்கு நேரே தண்ணீர், அதற்கு அப்பால் கலுங்கின் விளிம்பு. கொக்கியில் முடிச்சை மூன்று தடவை போட்டேன், ஒன்றின் மேல் ஒன்றாக.

"கட்டியாச்சா சார்?"

"கட்டியாச்சு."

"உள்ள வந்து கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க. விடுதேன்."

பின் கொக்கியில் அவர் போட்டிருந்தது லாரியில் தார்ப்பாய் கட்டுகிற முடிச்சு. ஒரு இழுப்பில் அவிழும். அவிழ்ந்ததும் பின்பக்கம் குபுக்கென்று மேலே வந்தது. வண்டி கலுங்கை நோக்கி நகர்ந்தது. ஜெசிந்தா மாதாவைக் கூப்பிட்டார். நானும் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். கயிறு சரசரவென்று நீண்டு, சாய்வாக இறுகியது. மூக்கு மெதுவாக அரை வட்டம் அடித்து மலைப் பக்கம் திரும்பியது. அதற்கப்புறம் வண்டி அசையவில்லை.

மூன்று பேரும் பனையையும் டவரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன.

"நிக்குது" என்றார் ஜெசிந்தா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுகையோடே சிரித்தார். சூசைராஜ் தண்ணீர் நின்ற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. சூசைராஜ் கரைக்குப் போன் போட்டுப் பாட்டரி கேட்டுவிட்டார்; அது வரக் காத்திருந்த அந்த அரை மணி நேரம் போல நிம்மதியாக நான் எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை. உள்ளே வந்த தண்ணீரைத் தூக்குச்சட்டியால் இறைத்தபடியே ஊர்க்கதை பேசினோம்.

கண்மாயில் மீன் பிடிக்கிறவர்கள் தெர்மாகோல் தெப்பத்தில் மினி லாரியின் பாட்டரியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதை மாட்டியதும் எஞ்சின் ஒரு இருமல் இருமி எடுத்துக்கொண்டது. நான் கயிற்றின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"இருங்க சார். மொதல்ல எஞ்சின் சீரா ஓடட்டும். பொறவுதான் கயிறு."

என் சீனியர் சொன்னதற்கு நேர் தலைகீழ். இரண்டும் சரிதான். அவருடைய வரிசை தார் ரோட்டில் பிறந்தது, நான் அதைத் தண்ணீருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உங்கள் கையில் நூறு விதிகளைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் பிறந்தது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் பிடித்துக்கொண்டால் என்னைப் போலப் பல்லியாகப் படுக்க நேரிடும்.

கொக்கி வேரிலிருந்து வரவே இல்லை. கடைசியில் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் வந்தோம். எங்க அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல என்று ஜெசிந்தா கரை வரைக்கும் பாதாளக் கரண்டிக்காக வருத்தப்பட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாளே வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சூசைராஜ் வண்டி நடுத்தண்ணியில் நின்றுபோனது, பிரேக் இன்ஸ்பெக்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார். என்னை வீரன் என்றார்கள். அவரை, ஆபீசரையே முக்கப் பார்த்த மெக்கானிக் என்றார்கள். பட்டறைக்கு வந்துகொண்டிருந்த பள்ளிக்கூட வேன்கள் இரண்டு வேறு இடம் போய்விட்டன என்று காதுக்கு வந்தது. சூசைராஜ் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் அணைக்கச் சொன்னேன் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை.

என் மேஜையில் அறிக்கை காலியாக இருந்தது. எஞ்சின் பழுது என்று இரண்டு வார்த்தை எழுதினால் வேலை முடிந்தது. விண்ணப்பம் எப்படியும் நிராகரிப்புதான். காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று பக்கத்து மேஜைத் தம்பி நல்ல மனசோடுதான் கேட்டார். இரண்டு நாள் நானும் அதையே கேட்டுப் பார்த்தேன். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கையில் என் பெயரில் நானே ஒரு கறுப்புப் புள்ளி வைப்பதா என்று பயம். பயம்தான், வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதி முடித்தபோது, கண்மாய் நடுவில் கயிறு இறுகினபோது வந்த அதே மூச்சு வந்தது. மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார், சொன்னேன், ஒரு மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். தலை போகவில்லை.

நிராகரிப்பு உத்தரவை வாங்கக் கணவன் மனைவி இரண்டு பேரும் வந்தார்கள். சூசைராஜ் முதல் வரியைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். ஜெசிந்தா அதை வாங்கிக் கடைசி வரை படித்தார். பிறகு கணவரின் தோளைத் தட்டி அந்த இடத்தைக் காட்டினார். அவர் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார்.

"சார், இத ஒரு செராக்ஸ் எடுத்துக்கிடலாமா?" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் என் காரை அவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வாசலில் மூன்று பள்ளிக்கூட வேன்கள் வரிசையாக நின்றன. மஞ்சள் வண்டி ரோட்டைத் தொடாமல் ஓடைக்கரையில் மச்சான் வீட்டுத் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். உள்ளே, மாதா படத்துக்குப் பக்கத்தில், நான் கையெழுத்துப் போட்ட நிராகரிப்பு உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அரசாங்கம் முடியாது என்று சொன்ன தாளைச் சட்டம் போட்டு மாட்டிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் வரியை யாரும் படிப்பதில்லை என்றார். ஆறாவது வரிக்குக் கீழே ஜெசிந்தா சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். வண்டியில் எந்தக் குறையும் இல்லை; எஞ்சினை அணைக்கச் சொன்னது நான்.